மதுராந்தகம் ஏரியில சங்கராப் பார்

சில பேருக்குக் கருவாட்டு நாத்தம் ஆவாது, சில பேருக்கு டீசல். எனக்கு லேமினேஷன் வாடை ஆவாது. மெசின்லேர்ந்து சூடா வெளிய வரும்போது அடிக்குமே அந்த பிளாஸ்டிக் வாடை, அது மூக்குல ஏறினா இன்னிக்கும் எனக்குக் கொமட்டிக்கினு வரும். பொறந்ததுலேர்ந்து மீன் கொடலுக்கும் எறா ஓட்டுக்கும் நடுவுல வளந்தவ நான். என் வயிறு சும்மா பொரட்டாது. காரணம் கீது, சொல்றேன்.

எம்பேரு பரிமளா. கடப்பாக்கத்தாண்ட இடிஞ்ச கோட்டை கீதே, அதுக்குத் தெக்கால எங்க குப்பம். பிளஸ் டூ முடிச்சிட்டு செங்கல்பட்டுல கோர்ட்டாண்ட ஒரு டிடிபி கடையில ரெண்டு வருசம் டைப் அடிச்சேன். அங்க ஒரு நாளு ஒரு வக்கீலோட நாப்பது பக்க மனுவ எங்கையாலயே அழிச்சிட்டேன். அந்தாளு என்னை நிக்க வெச்சுக் கேட்ட கேள்வியில, அன்னிலேர்ந்து எந்த ஃபைலத் தொட்றதுக்கு முன்னாலயும் ஒரு காப்பி எடுத்து வெச்சிடுவேன். அப்புறம் தீனாவக் கட்டிக்கினு கடலாண்டயே வந்துட்டேன், பசங்களும் பொறந்துச்சுங்க. புருசன் பேரச் சொல்லக் கூடாதுன்னு எங்க மாமியா மொனவும். மொனவட்டும், நான் சொல்லுவேன்.

சுனாமி வந்து எல்லாத்தையும் வாரிக்கினு போனப்புறம், ரெண்டாயிரத்தி ஆறுல, ஒரு டிரஸ்டுக்காரங்க எங்க குப்பத்துக்கு நாப்பத்தோரு ஜிபிஎஸ் மெசின் குடுத்தாங்க. போட்டுக்கு ஒண்ணு. சோப்பு டப்பா சைசு, கையில புடிச்சா கையிலயே அடங்கிடும். கடல்ல ஒரு எடத்துல நின்னு பட்டன அமுக்கினா, வடக்கு நம்பர் ஒண்ணு, கெழக்கு நம்பர் ஒண்ணு பதிஞ்சுக்கும். அதுக்குப் பேரு பாயிண்ட். திரும்ப எப்ப வேணா அந்த நம்பருக்கே போயி நிக்கலாம்.

இது எதுக்குன்னா, கடலு மேலதான் ஒண்ணு மாதிரி தெரியும். அடியில முக்காவாசி வெறும் சேறு. நடுவுல அங்கங்க பாறையும் பவளமுமா மேடு தட்டி இருக்கும், அதத்தான் பார்னு சொல்லுவோம். மீன் குடியிருக்கறது அங்கதான். நல்ல பார் ஒண்ணு தெரிஞ்சு வெச்சிருக்கிறவன் வூட்டுல அடுப்பு அணையாது. அது வெளிய தெரிஞ்சா போச்சு. வடக்கேர்ந்து பெரிய விசைப்படகோட லாஞ்சுக்காரன் வருவான், அடிய வாரிக்கினு போற இழுவை மடி வலையப் போடுவான், பத்து நாளுல பார சொரண்டி மொட்ட அடிச்சிட்டுப் போயிடுவான். அதனால அண்ணன் தம்பியே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க மாட்டாங்க. தீனா ஒரு வருசம் அலைஞ்சு ஒரு பார் புடிச்சான். மெசின்ல அதுக்கு இங்கிலீசுல ‘பரி’ன்னு நாலு எழுத்துல பேரு வெச்சான். எம்பேருல நகை வாங்கித் தரல, பார் புடிச்சுத் தந்தான்னு நான் எல்லார்கிட்டயும் பீத்திக்கினு இருந்தேன்.

மெசின் வந்த ஆறு மாசத்துல, எங்க குப்பத்துத் திருநாவுக்கரசு அண்ணாத்தையோட மெசினுக்குள்ள உப்புத் தண்ணி பூந்துடுச்சு. எரநூறு பாயிண்ட் ஒரே நாளுல போச்சு. ஆளு சாவு வூட்டுல உக்காந்த மாதிரி கரையில உக்காந்துகினு இருந்தாரு. அப்போதான் டிரஸ்டுல சொன்னாங்க, எல்லா மெசின்ல கீறதையும் கம்ப்யூட்டர்ல பேக்கப் எடுத்து வெச்சிடலாம், மெசின் செத்தா புதுசுல திரும்ப ஏத்திக்கலாம்னு. கம்ப்யூட்டர் தெரிஞ்சவ குப்பத்துல நான் ஒருத்திதான். என்னை வேலைக்கு வெச்சாங்க.

வெச்சது ரவிச்சந்திரன் சார். டிரஸ்டோட கோஆர்டினேட்டர், புதுப்பட்டினம் மார்க்கெட்டாண்ட மாடியில ஆபீசு. வெள்ளச் சட்ட, பாக்கெட்டுல ரெண்டு பேனா, பேச்சு தேனு. எங்காளுங்க கையக் குடுத்தா அவரும் குடுப்பாரு. குடுத்துட்டு அந்தாண்ட திரும்பி, பையிலேர்ந்து ஒரு சின்ன பாட்டில எடுத்து ரெண்டு சொட்டு விட்டு, உள்ளங்கை ரெண்டையும் சேத்துத் தேச்சுக்குவாரு. மொத தடவ பாத்தப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. வேலை குடுத்த ஆளாச்சேன்னு முழுங்கிக்கினேன்.

ஆனா மெசினக் கொண்டாந்து குடுக்க ஒருத்தனும் வரல. பாயிண்ட்டக் குடுக்கறதும் அடுப்பத் தூக்கிக் குடுக்கறதும் ஒண்ணு, யாரு வருவாங்க. கடைசியில ஊர்ப் பஞ்சாயத்துல ஒரு வழி சொன்னாங்க. கங்கையம்மன் கோயில்ல கற்பூரம் கொளுத்தி உள்ளங்கையால அணைச்சு சத்தியம் பண்ணேன். ஒருத்தர் பாயிண்ட்ட இன்னொருத்தருக்குக் காட்ட மாட்டேன், கட்டின புருசனுக்குக் கூட. கை பொத்துப் போயி ஒரு வாரம் சோறு பெசைய முடியல. அதுக்கப்புறம்தான் ஒவ்வொருத்தரா வந்தாங்க.

சமுதாயக் கூடத்துல எனக்கு ஒரு ரூம்பு, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேபிளு. வேலை இன்னான்னா, மொதல்ல மெசின் மேல கீற மீன் கொழகொழப்பத் தொடைக்கணும். பேட்டரி டப்பாவத் தொறந்தா செதில் ஒட்டிக்கினு இருக்கும், அத நகத்தால சொரண்டணும். அப்புறம் கேபிள மாட்டினா பாயிண்ட்டெல்லாம் வரிசையா எறங்கும். எறங்கினத அப்படியே ‘பச்சை’ன்னு ஒரு ஃபோல்டர்ல போட்டு சிடியிலயும் எழுதிடுவேன், அது நான் தொடாத காப்பி. அப்புறம்தான் ஒழுங்கு படுத்தறது. ஒரே பார மூணு தடவ அமுக்கி வெச்சிருப்பாங்க, ரெண்ட எடுத்துடுவேன். பார் ஒரு பக்கம், வலை சிக்குற எடம் ஒரு பக்கம்னு போட்டு நம்பருக்கு பதிலா அவுங்க சொல்ற பேர அடிப்பேன். எல்லார் மெசின்லயும் மொத பாயிண்ட் மட்டும் ஒண்ணுதான், எங்க முகத்துவாரம். மூட்டத்துல வழி தப்பினா வூடு வந்து சேர அது வேணுமாச்சே. முடிச்ச லிஸ்ட்ட திரும்ப மெசின்ல ஏத்திக் குடுப்பேன். வாங்கிக்கினு போறவங்க மூஞ்சப் பாத்தா எனக்குக் கலெக்டர் வேலை பாக்கற மாதிரி இருக்கும்.

சனிக்கெழமைக்கு சனிக்கெழமை ரவிச்சந்திரன் சார் வருவாரு. “ஒழுங்கு பண்ணினதை மட்டும் ஒரு சிடியில போட்டு எனக்குக் குடும்மா. இன்னொரு சுனாமி வந்தா இந்தக் கம்ப்யூட்டரும் போயிடும் இல்லையா? ஒரு காப்பி மெட்ராஸ்ல பத்திரமா இருக்கட்டும்” அப்படின்னாரு. சுனாமின்ற பேரச் சொல்லிட்டா எங்களுக்கு மேக்கொண்டு புத்தி ஓடாது. நானே ஜிகுஜிகுன்னு கவர்ல போட்டு, பேரெழுதிக் குடுத்தேன்.

தீனா வூட்டுல கேலி பண்ணுவான். “இன்னாமே, சடையன் மாமா சங்கரா சங்கராவா மீனக் கொண்டாந்து கொட்றாரு. எங்கன்னு லேசா எட்டிப் பாத்து சொல்லேன்.”

“கை வெந்து சத்தியம் பண்ணவ நான். அவ்ளோ ஆசையா இருந்தா நீ போயி அவரு போட்டுல வலைக்கடியில படுத்துக்க” அப்படின்னு நானும் சொல்லுவேன். ரெண்டு பேரும் சிரிப்போம். அப்போ அது வெறும் சிரிப்புதான்.

சடையன் மாமா சொந்தம்னு ஒண்ணும் கெடையாது, எங்க வூட்டுக்கு மூணாவது வூடு. அம்பது வயசு இருக்கும். பேசறதுக்குக் கூலி கேக்கற ஆளு. நாப்பது மெசின் முடிஞ்சப்புறம், கடலு பொங்கி ரெண்டு நாளு யாரும் தொழிலுக்குப் போவாத நேரமாப் பாத்து வந்தாரு. ஏபிசிடி தெரியாது, ஆனா மெசின்ல நம்பரெல்லாம் தானே மாத்தக் கத்துக்கினவரு அவரு ஒருத்தர்தான். மேசை மேல மெசின வெச்சிட்டு, “எறக்கு. எதுவும் மாத்தாத” அப்படின்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு.

எறக்கினேன். அம்பத்தேழு பாயிண்ட். மேப்புல போட்டுப் பாத்தா ஒண்ணு கூடக் கடல்ல இல்ல. மதுராந்தகம் ஏரிக்குள்ள பதினோரு பாயிண்ட், கரை மேல ரெண்டு. ஒண்ணு அச்சரப்பாக்கத்துல, ஒண்ணு நேரா ஹைவேஸ் ரோட்டு மேல. அன்னிக்கு சனிக்கெழமை. ரவிச்சந்திரன் சார் எனக்குப் பின்னால நின்னு பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. “இவர் லாரியில வலை போட்டுப் பிடிக்கிறாரா? ஆபரேட் பண்ணத் தெரியல பாவம். எல்லாம் தப்பு டேட்டா. மெஷினைக் காலி பண்ணிக் குடு, முதல்லேர்ந்து கத்துக்கட்டும்” அப்படின்னாரு. நானும் சேந்து சிரிச்சேன். அந்தச் சிரிப்ப நெனச்சா இப்போ எம்மூஞ்சில நானே துப்பிக்கலாம் போல கீது. அம்பத்தேழையும் அழிச்சு, மெசினத் தொடச்சுப் பளபளன்னு அவரு சம்சாரம் ஆதியம்மாகிட்ட குடுத்து அனுப்பினேன்.

மூணாம் நாளு மத்தியானம் மாமா வந்தாரு. போட்டு வெறும் போட்டா திரும்பியிருக்கு. கத்துவாருன்னு நெனச்சேன். வாசப்படியில உக்காந்து மெசின எம்பக்கம் தள்ளினாரு.

“எங்க?”

“மாமா, அதெல்லாம் தப்பா இருந்துச்சு. ஏரிக்குள்ள காட்டுது.”

“எந்த ஏரி?”

“மதுராந்தகம்.”

வாய்க் கோடியில லேசா ஒரு சிரிப்பு மாதிரி வந்து போச்சு. “ஏரியில இருந்தா ஏரியிலயே இருக்கட்டும். நீ இன்னாத்துக்குக் கைய வெச்ச?”

அப்போதான் எனக்கு ஒறைச்சது. கடல்ல நின்னு அமுக்கின பாயிண்ட்ட, வடக்கு நம்பர்ல கொஞ்சம் கூட்டி, கெழக்கு நம்பர்ல கொஞ்சம் கழிச்சு, வேணும்னே தப்பா மாத்தி வெச்சிருக்காரு. எவ்ளோ கூட்டணும் எவ்ளோ கழிக்கணும்ன்றது அவரு மண்டைக்குள்ள. மெசின எவன் திருடினாலும் அவன் போயி மதுராந்தகம் ஏரியிலதான் நிக்கணும்.

பச்சை சிடிய எடுத்து அம்பத்தேழையும் இருந்த மாதிரியே திரும்ப ஏத்தினேன். ஒவ்வொண்ணாத் தள்ளி, ஒதட்ட அசைச்சு அசைச்சு சரி பாத்தாரு. எனக்கு உள்ள பத்திக்கினு எரிஞ்சுது.

“இவ்ளோ கூட்டிக் கழிச்சு வெச்சிருக்கீங்களே, எம்மேல நம்பிக்கை இல்லையா மாமா? கற்பூரத்த அணைச்சவ நான்.”

“இல்ல” அப்படின்னாரு. கோவமெல்லாம் இல்ல. வெலை கேட்டா சொல்ற மாதிரி சொன்னாரு. கம்ப்யூட்டரக் கையக் காட்டினாரு. “சத்தியம் நீ பண்ண. டப்பா பண்ணலயே.” எழுந்து போயிட்டாரு. அல்பப் புத்தி புடிச்ச ஆளுன்னு ஒரு வாரம் திட்டிக்கினு இருந்தேன். சனிக்கெழமை சிடியில அவரு பேரே இல்ல. தப்பு டேட்டா வேணாம்னு சாரே சொல்லிட்டாரு.

அடுத்த வருசம் பிப்ரவரியில மாமல்லபுரத்தாண்ட, கடலப் பாத்தாப்புல கீற ஒரு பெரிய ரிசார்ட்டுல டிரஸ்டோட விழா. பட்டுப் பொடவை கட்டிக்கினு வா, உனக்கு ஷீல்டு குடுக்கறோம்னாரு சாரு. போனேன். ஏசி போட்ட ஹாலு, வட்ட வட்டமா மேசை, எங்க குப்பத்துலேர்ந்து நான் ஒருத்திதான். மேசைக்கு மேசை, சீட்டுக்கு சீட்டு, லேமினேஷன் பண்ண மேப்பு ஒண்ணு. அப்போதான் மெசின்லேர்ந்து வந்திருக்கும் போல, தொட்டா லேசா சூடு. ஹாலு பூரா அந்த வாடை.

எடுத்துப் பாத்தேன். கீழ மூலையில ‘தகவல் தொகுப்பு: தீ. பரிமளா, கடப்பாக்கம்’னு போட்டிருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், எம்பேரப் பாத்ததும் ஒரு நொடி பூரிச்சுப் போனேன். அப்புறம்தான் மேல பாத்தேன். நீலக் கலர்ல கடலு, அது மேல செவப்புப் புள்ளி புள்ளியா எண்ணூத்திச் சொச்சம். பக்கத்துல பொடி எழுத்துல வடக்கு நம்பர், கெழக்கு நம்பர், நான் டைப் அடிச்ச பேரு. நாப்பது போட்டோட அடுப்பும் அதுல இருந்துச்சு. எங்க முகத்துவாரத்துக்குக் கெழக்கால தேடினேன். ‘பரி’. நாலு எழுத்து.

எதிர் சீட்டுல ஒரு ஆளு. வடக்கே நாலு லாஞ்சு ஓடுதாம் அவருக்கு, எல்லாரும் எழுந்து எழுந்து வணக்கம் வெச்சாங்க. மோதிரக் கையால வஞ்சரத்தப் பிச்சு வாயில போட்டுக்கினு, முள்ள நாக்கால துழாவி எடுத்து, எச்சியோட அந்த மேப்பு மேலயே வெச்சிக்கினு இருந்தாரு. சரியா எங்க கடலு மேல. வெயிட்டர் வந்து ஈரத் துணியால ஒரு இழுப்பு இழுத்தான். லேமினேஷன் ஆச்சே, சுத்தமாப் போயிடுச்சு. “நல்லா கீதே, இதுல இன்னும் மூணு குடுங்க, சிடியும் கீதாமே” அப்படின்னு அந்தாளு வாங்கிக்கினாரு. ரவிச்சந்திரன் ஓடி வந்து குடுத்தாரு. அப்புறமா அந்த ஆள நான் சார்னு சொல்றதில்ல, ஆனா அன்னிக்கு சொன்னேன்.

“சார், பேக்கப்புன்னுதான சொன்னீங்க?”

கையில ஐஸ்கிரீம் கப்பு வெச்சிருந்தாரு. “இதுவும் பேக்கப்தானே பரிமளா. நாலு பேர்கிட்ட இருந்தா தொலையவே தொலையாது.”

“லாஞ்சுக்காரன் பாத்தா சொரண்டிக்கினு போயிடுவான் சார். நான் கோயில்ல சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.”

“அதுக்கெல்லாம் ரூல்ஸ் இருக்கும்மா. கடல் யாருக்கும் சொந்தம் இல்ல. மெஷின் டிரஸ்ட் குடுத்தது, அப்ப அதுல இருக்கிறதும் டிரஸ்டோடதுதான்.” ஸ்பூன மேலயும் கீழயும் நக்கினாரு. “உன் பேர் போட்டிருக்கேன், பாத்தியா? வேற யாரும் இப்படிப் போட மாட்டாங்க.”

மேடையில கூப்ட்டு ஷீல்டக் குடுத்தாரு. போட்டோவுக்கு சிரிச்சுக்கினே என் கையப் புடிச்சுக் குலுக்கினாரு. எறங்கி வந்து அந்தாண்ட திரும்பி, பையிலேர்ந்து பாட்டில எடுத்தாரு. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். ஈசிஆர்ல பஸ்ஸுக்கு நிக்கும்போது மடியில மேப்பு, மூக்குல அந்த வாடை. பட்டுப் பொடவையோட ரோட்டோரத்துல குந்தி வாந்தி எடுத்தேன்.

சாயங்காலம் தீனாகிட்ட மேப்பக் குடுத்தேன். ரொம்ப நேரம் பாத்தான். “உம்பேரு போட்டுக்கீறானே” அப்படின்னான், அவ்ளோதான். மறுநாளு கோயிலாண்ட ஆம்பளைங்க முன்னால நானே கொண்டு போயி வெச்சேன். யாரும் ஏசல. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஓரமா நின்ன பக்கத்து வூட்டு ஞானம்பாள் அக்கா மட்டும் என் வலது கையப் புடிச்சு, வெந்த தழும்பத் திருப்பிப் பாத்துட்டு வுட்டுச்சு. அதுக்கப்புறம் கொழாயடியில நான் போனா பேச்சு நின்னுடும். மாடி ஆபீசக் காலி பண்ணிக்கினு ரவிச்சந்திரன் வேற ஜில்லாவுக்குப் போயிட்டதாச் சொன்னாங்க. எம்பேரு மட்டும் இங்கயே கீது, அழியாத மையில.

பன்னெண்டாம் நாளு லாஞ்சு வந்துச்சு. ஒண்ணு இல்ல, ஆறு. கரையிலேர்ந்தே தெரிஞ்சுது. ஒவ்வொரு புள்ளியா வரிசையா வந்து, நான் ஒழுங்கு பண்ணி வெச்ச அதே வரிசையில சொரண்டிக்கினு போனானுங்க. தீனா அவன் பார்ல வலை போட்டான். ஒடைஞ்ச பவளத் துண்டு, சேறு, ஒரு ஒத்தச் செருப்பு. அத வெளிய தூக்கிப் போடாம கரை வரைக்கும் கொண்டாந்தான். எனக்குக் காட்றதுக்குத்தான்.

ஒரு மாசத்துல குப்பத்துல நாப்பது வூட்டுலயும் மீன்பாடு செத்துப் போச்சு. சடையன் மாமா போட்டுல மட்டும் சங்கரா, களவா, பாறைன்னு மீனு. அல்பப் புத்தின்னு நான் திட்டின ஆளு.

தீனா ஒரு நாளு சாப்புட உக்காந்தான். தட்டுல ரசஞ்சோறும் ஊறுகாயும். தட்டப் பாத்துக்கினே கேட்டான். “உங்கிட்ட அவரோடது கீதுல்ல.”

“அது ஏரியில கீது.”

“நீ வெளிய எடுத்துடுவ. எனக்குத் தெரியும்.”

“யோவ், சத்தியம் பண்ணிக்கீறேன்.”

“அந்த சத்தியம் இன்னும் மிச்சம் கீதா?” அப்படின்னான். குத்திக் காட்டல. நெசமாத்தான் கேட்டான்.

அவன் வாயில அந்தக் கேள்வி வந்ததே எனக்கு அசிங்கமா இருந்துச்சு. இவனும் ரவிச்சந்திரன் மாதிரிதான்னு நெனச்சேன். ஆனா அதவிட அசிங்கம் ஒண்ணு கீது. அவன் கேக்கறதுக்கு நாலு நாளு முன்னாடியே நான் கணக்கப் போட்டு முடிச்சிருந்தேன். எல்லார் மெசின்லயும் மொத பாயிண்ட் முகத்துவாரம்தான். முகத்துவாரத்தோட நெச நம்பர் எனக்குத் தூக்கத்துலயும் தெரியும். மாமா மெசின்ல மொத பாயிண்ட் மதுராந்தகம் ஏரிக் கரை மேல கீது. ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ வித்தியாசமோ, அதான் அவரு கூட்டிக் கழிச்ச நம்பர். மத்த அம்பத்தாறையும் அதே அளவு நவுத்தினா கடலுக்குள்ள போயி கச்சிதமா விழுந்துச்சு. சும்மா தெரிஞ்சுக்கத்தான் போட்டேன்னு எனக்கே சொல்லிக்கினேன். சும்மா போட்டவ எதுக்கு அத ஒரு பேப்பர்ல எழுதி அரிசி டப்பாவுல வெக்கணும்?

எழுந்து போயி அரிசிக்குள்ள கைய வுட்டு அந்தப் பேப்பர எடுத்தேன். தீனா எடது கையால வாங்கி மடிச்சு சட்டைப் பையில வெச்சிக்கினு சோத்த முடிச்சான்.

மூணு நாளு போனான். மொத நாளு வெறுங்கை. ரெண்டாம் நாளு வெறுங்கை. மூணாம் நாளு வந்து, “எல்லா எடத்துலயும் நின்னு பாத்துட்டேன். வெறும் சேறுமே. ஒரு கல்லு கூடக் கெடையாது” அப்படின்னான். பேப்பர அடுப்புல போட்டான். கணக்கு சரி, மூணு தடவ போட்டேன். எங்க தப்புன்னு எனக்கு வெளங்கல.

நாலாம் நாளு காலையில கரைக்குப் போனேன். சடையன் மாமா போட்டு வந்து நின்னுச்சு, சங்கரா செவசெவன்னு கெடக்குது. நான் ஏலத்துல நிக்கல, ஓரமாத்தான் நின்னேன். கூப்ட்டாரு. போனேன். நல்ல சங்கராவா நாலு எடுத்து எங்கூடையில போட்டாரு. நான் வேணான்னு சொல்றதுக்குள்ள, வலைய ஒதறிக்கினே எனக்கு மட்டும் கேக்கற மாதிரி கேட்டாரு.

“மொத பாயிண்ட்ட வெச்சுதான கழிச்ச?”

நான் கூடையில கெடந்த மீனப் பாத்துக்கினு நின்னேன்.

“மூணு நாளா தீனா அந்த வெறும் சேத்துல நின்னு நின்னு போனான். பாத்துக்கினுதான் இருந்தேன்.” ஒரு சின்ன மீன வலையிலேர்ந்து உருவி கடல்ல வீசினாரு. “வூட்டுக்கு வர எனக்கு மெசின் எதுக்கு பொண்ணே? அந்த ஒண்ணுக்கு மட்டும் வேற கணக்கு. அது எனக்கு வெச்சதில்ல.”

“எனக்கா வெச்சீங்க?”

“யாரு ஒக்காந்து கழிக்கிறாங்களோ அவுங்களுக்கு” அப்படின்னாரு. கோவம் இல்ல, நக்கலும் இல்ல. “புள்ளைங்க கீற வூடு. எடுத்துக்கினு போ.”

ரவிச்சந்திரன் பண்ணானே, லாஞ்சுக்காரன் பண்ணானே, நான் இன்னா பண்ணேன்னு கேக்க வாய் வந்துச்சு. கேக்கல. ரவிச்சந்திரன் கையில கற்பூரத் தழும்பு கெடையாது. எங்கையில கீது. அத வெச்சிக்கினுதான் அரிசி டப்பாவுக்குள்ள துழாவினேன். மீனத் திருப்பி வெக்கவும் தைரியம் இல்ல. கூடையத் தூக்கிக்கினு வூட்டுக்கு வந்தேன்.

செதில் சீவி, கொடல் எடுத்து, மாங்கா போட்டுக் குழம்பு வெச்சேன். ஒரு மாசம் கழிச்சு வூட்டுல மீன் வாசனை. பசங்க சத்தம் போட்டுக்கினு வந்து உக்காந்துச்சுங்க. மீன் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தீனா கேக்கல. ரெண்டு தடவ சோறு வாங்கிப் போட்டுக்கினு, முள்ள நாக்கால துழாவி எடுத்து, தட்டோரத்துல வரிசையா வெச்சிக்கினே சாப்ட்டான். எனக்கு மொத வாயே எறங்கல. தட்ட நவுத்திட்டு எழுந்து போயி கையக் கழுவினேன். சோப்பு போட்டு, உள்ளங்கை ரெண்டையும் சேத்து தேச்சேன், தேச்சேன், அந்த ரவிச்சந்திரன் தேச்சுக்குவாரே, அதே மாதிரி.